அத்தியாயம் 6: கோச்சிடம் பிள்ளையை ஒப்படைத்த பிறகு

கால்பந்துப் பயிற்சியில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் நம் அப்பாக்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை என்ன வேணா பண்ணிக்கோங்க சார்." தாத்தா காலத்தில் வாத்தியாரிடம் சொன்னது, இன்று கிரவுண்டுக்கு வந்திருக்கிறது. சொல்கிற அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். கோச்சும் சிரிக்கிறார். புது பூட்ஸுக்கு லேஸ் கட்டக் குனிந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை சிரிப்பதில்லை. இந்த ஆள் நாளைக்கு என்ன செய்தாலும் வீட்டில் போய்ச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடுகிறது.

பூட்ஸ், சாப்பாடு, காயம், படிப்பு என்று இதுவரை பேசினோம். இந்த அத்தியாயம் கோச்சின் வாயையும் கையையும் பற்றியது. கண்டிப்பே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. வருகிற பந்தை ஒரே தொடுதலில் அடக்குவதற்கு ஆயிரம் முறை தப்பாக அடக்கியிருக்க வேண்டும். அந்த ஆயிரம் முறையும் சலிக்காமல் நின்று "மறுபடி" என்று சொல்கிற ஆள் வேண்டும். தாமதமாக வந்தவனை வெளியே உட்கார வைக்கிற, ஷின் கார்டு போடாதவனை உள்ளே விடாத, பந்தைப் பறிகொடுத்துவிட்டு நின்றவனைப் பார்த்துக் கத்துகிற கோச் உங்கள் பிள்ளைக்குக் கிடைத்தால் அது பாக்கியம். என் கேள்வி வேறு. அதே கண்டிப்பு எந்த இடத்தில் கொடுமையாகிறது, அது நடந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

குரலை வைத்து முடிவு செய்யாதீர்கள்

ஒரு பள்ளி மைதானத்தில் இரண்டு கோச்சுகள் ஆளுக்குப் பாதி கிரவுண்டில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்ததைப் பல மாதம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு வெங்கலத் தொண்டை. "தலையைத் தூக்குடா! பந்து வர்றதுக்கு முன்னாடி பார்த்தியா?" என்று தெரு முனை வரை கேட்கும். பையன்களும் பதிலுக்குக் கத்துவார்கள்: "பார்த்தேன் சார், அவன்தான் லேட்டா கொடுத்தான்!" அதோடு ஆட்டம் தொடரும்.

மற்றவர் குரலை உயர்த்தியதே இல்லை. ஒரு நாள் ஒரு பையன் சுலபமான பாஸ் ஒன்றைத் தவறவிட்டான். அவர் பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னார்: "உங்க அப்பா இங்க கட்டுற ஃபீஸுக்கு ரெண்டு ஆடு வாங்கி விட்டிருக்கலாம். அதாவது வளரும்." மற்ற பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு அவன் ஆட்டத்தை நான் கவனித்தேன். அடுத்த பத்து நிமிஷம் பந்து வந்த வேகத்தில் பின்னாலேயே திருப்பிக் கொடுத்தான். அதற்கப்புறம் பந்தே வராத இடமாகப் பார்த்து நின்றான். எதிரணி ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, யாரும் தனக்குப் பாஸ் கொடுக்க முடியாதபடி. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஓடிக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். உண்மையில் அவன் ஒளிந்துகொண்டிருந்தான்.

அன்றிலிருந்து நான் குரலின் உயரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சொன்ன சொல் ஆட்டத்தைத் தொடுகிறதா, ஆளைத் தொடுகிறதா என்று பார்க்கிறேன். "இடது காலால அடி" என்பது ஆட்டத்தைப் பற்றியது; பிள்ளை நாளைக்கே அதைத் திருத்திக்கொள்ளலாம். நிறம், உடம்பு, அப்பாவின் தொழில், ஊர்ப் பெயர், சாதி, பேச்சுத் திக்கல் இவற்றில் எதையும் அவன் எத்தனை டிரில் செய்தாலும் திருத்த முடியாது. அடுத்து, திட்டு விசிலோடு முடிகிறதா, வாரக் கணக்கில் தொடர்கிறதா என்று பார்க்கிறேன். எல்லோருக்கும் விழுகிறதா, குறிப்பிட்ட ஒருவனையே தேடிப்போய் விழுகிறதா என்பதும் முக்கியம். எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு: பிள்ளை திருப்பிக் கேள்வி கேட்க முடிகிறதா? "ஏன் சார் என்னை எடுத்துட்டீங்க?" என்று கேட்ட பையனுக்கு அடுத்த மேட்ச்சிலும் இடம் இருந்தால் அந்த கிரவுண்டில் பயமில்லை.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் வந்த 'பிகில்' படத்தில், பெண்கள் அணியின் கோச்சான நாயகன், பருமனான ஒரு வீராங்கனையின் உடம்பைச் சொல்லிக் கேலி செய்து ரோஷத்தைக் கிளப்பி ஆட வைப்பார். படத்தில் அது பலிக்கிறது. அந்தக் காட்சி அப்போதே கடுமையான விமர்சனத்துக்கு ஆளானது. ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த கோச்சுகள் இன்று கிரவுண்டுகளில் இருக்கிறார்கள். சினிமாவில் அவமானப்பட்டவள் அடுத்த காட்சியில் கோல் நோக்கி ஓடுவாள். நிஜத்தில் அவமானப்பட்ட பெண் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாள், இரண்டு மாதத்தில் கிரவுண்டுக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். வளரும் வயதில் பிள்ளையின் எடையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், பெற்றோரைத் தனியாக அழைத்து, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்வதுதான் முறை. டீமுக்கு முன்னால் சொல்ல கோச்சுக்கு எந்த அவசியமும் இல்லை.

"விளையாட்டுக்குச் சொன்னேன்"

இதெல்லாம் நம் ஊரின் குறை, வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீட்டர் பியர்ட்ஸ்லி இங்கிலாந்துக்காக 59 ஆட்டங்கள் ஆடியவர். நியூகாசில் யுனைடெட் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய வீரர். ஓய்வுக்குப் பிறகு அதே கிளப்பின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்சானார். 2018 ஜனவரியில் அணியின் இளைஞர் ஒருவர் அவர் மீது துன்புறுத்தல் புகார் கொடுத்தார். விசாரணை ஒரு வருஷத்துக்கு மேல் நடந்து, 2019 மார்ச்சில் பியர்ட்ஸ்லி கிளப்பை விட்டு விலகினார். அந்த ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் விசாரணைக் குழு, கறுப்பின வீரர்களிடம் இனவெறிச் சொற்களைப் பேசினார் என்று முடிவு செய்து, கால்பந்து தொடர்பான எல்லா வேலையிலிருந்தும் 32 வாரம் அவரை விலக்கி வைத்தது. அவர் கடைசி வரை குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

இந்தத் தீர்ப்பில் பெற்றோரும் கோச்சுகளும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தோடு பேசியவர் என்று குழு சொல்லவில்லை. மனசுக்குள் வெறுப்பு இல்லாதவர் என்றே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தண்டித்தது. வேடிக்கைக்குச் சொன்ன சொல்லும் கேட்பவன் மேல் கல்லாக விழும், அதை உணர வேண்டிய பொறுப்பு சொன்னவருடையது என்பது அதன் அர்த்தம். நம் கிரவுண்டுகளில் "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் சார், பையனுக்கே தெரியும்" என்று ஒரு கோச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேரத் ஃபாரெல்லியின் கதை. அயர்லாந்துக்காரர், பதின்ம வயதில் ஆஸ்டன் வில்லா கிளப்புக்கு வந்தவர். எவர்ட்டன் அணியில் இருந்தபோது 1998 மே மாதக் கடைசி ஆட்டத்தில் அவர் அடித்த கோல்தான் அந்தக் கிளப்பை பிரீமியர் லீக்கிலிருந்து இறங்காமல் காப்பாற்றியது. பிற்காலத்தில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். வில்லாவில் தன்னைப் பயிற்றுவித்தவரிடம் பட்ட துன்புறுத்தலை அவர் வெளியே சொன்னது 2018 டிசம்பரில். இருபது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அப்போதும் அந்தக் கோச் அதே கிளப்பில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கிளப் விசாரணை நடத்தியது. 2019-இல் அவர் பயிற்சிப் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். பெயரும் புகழும் சட்ட அறிவும் உள்ள ஒரு மனிதனுக்கே வாய் திறக்க இத்தனை காலம் பிடித்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அன்றைக்கே வந்து சொல்லிவிடுவான் என்று நாம் எதை நம்பி இருக்கிறோம்?

அமெரிக்காவில் பெண்கள் தொழில்முறைக் கால்பந்தில் எழுந்த புகார்களை விசாரித்து, முன்னாள் அரசு வழக்கறிஞர் சாலி யேட்ஸ் 2022 அக்டோபரில் ஓர் அறிக்கை கொடுத்தார். விசாரிக்கச் சொன்னது பெரிய பெண்கள் ஆடும் லீக்கைத்தான். அறிக்கையோ சிறுமிகளின் கிரவுண்டுக்குத் திரும்பியது. வாய்க்கு வந்தபடி ஏசுவதும், கோச்சுக்கும் வீராங்கனைக்கும் நடுவே இருக்க வேண்டிய எல்லை அழிவதும் சிறுவர் லீக்குகளிலேயே பழகிப்போகின்றன, வளர்ந்த பிறகு நடக்கும் கொடுமைகளுக்கு வேர் அங்கேதான் என்று அது எழுதியது. பத்து வயதில் "கோச்னா அப்படித்தான்" என்று கற்றுக்கொண்டவள் இருபது வயதில் அதைக் கொடுமை என்றே அடையாளம் காண்பதில்லை.

பிள்ளை ஏன் சொல்வதில்லை

திட்டுகிற வாயும் டீம் லிஸ்ட் எழுதுகிற கையும் ஒரே ஆளுடையவை. இதுதான் காரணம். வெள்ளிக்கிழமை புகார் சொன்னால் சனிக்கிழமை லிஸ்ட்டில் பெயர் இருக்காது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நிரூபிக்கவும் முடியாது. "இந்த வாரம் அவன் ஃபார்ம்ல இல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்.

நம் மாநிலத்தில் இந்தப் பிடி இன்னும் இறுக்கம். காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட், பிறகு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை என்பதுதான் எத்தனையோ வீட்டுப் பையன்களைக் கால்பந்துக்குக் கொண்டுவருகிற கனவு. அந்தக் கனவுக்கு வேண்டிய மாவட்ட அணித் தேர்வும் சான்றிதழும் கோச் வழியாகத்தான் நகர்கின்றன. சென்னையின் வடக்குப் பகுதியில், வியாசர்பாடி போன்ற இடங்களில், கோச் பூட்ஸ் வாங்கிக் கொடுப்பார், பள்ளியில் போய்ப் பேசுவார், மழைக்காலத்தில் அரிசி கூடக் கொடுப்பார். பையன்கள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட அண்ணன்களால்தான் நம் கால்பந்தே உயிரோடு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் நன்றிக்கடன் உள்ள இடத்தில் புகார் சொல்வது துரோகமாகத் தெரியும். இதை உணர்ந்த நல்ல அண்ணன், தன் மேல் குறை இருந்தால் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று தானே பிள்ளைகளுக்குக் காட்டிவைப்பார்.

பிள்ளை வாயால் சொல்லாததை உடம்பு சொல்லும். பிராக்டீஸ் நாளில் மட்டும் வருகிற வயிற்றுவலி, வேண்டுமென்றே தொலைக்கிற பூட்ஸ், வீட்டு வாசலில் பந்து தட்டுவதை நிறுத்திவிடுவது, தம்பி தங்கையை கோச் பேசுகிற வார்த்தையிலேயே ஏசுவது. கடைசியாகச் சொன்னதைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. வீட்டில் யாரும் பேசாத ஒரு வசைச்சொல் உங்கள் பிள்ளை வாயில் வந்தால், அது எங்கே கிடைத்தது என்று யோசியுங்கள்.

கேட்கிற விதம் முக்கியம். "உன்னை யாராவது திட்டினாங்களா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு யாரு செமத்தியா வாங்கினா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் மற்றவன் கதையைத் தயங்காமல் சொல்வார்கள். அந்தக் கதையில் தன் கதையும் பாதி வந்துவிடும். முகத்துக்கு நேராக உட்கார்த்தி வைத்து விசாரிக்காதீர்கள். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது கேட்பது நல்லது. பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் முகம் தெரியாது, உங்களுக்கு அவன் முகம் தெரியாது. என் அனுபவத்தில் பிள்ளைகள் அதிகமாக வாய் திறந்த இடம் வண்டியின் பின் சீட்தான். சொல்லும்போது நடுவில் பொங்கி எழாதீர்கள். நீங்கள் கோபப்பட்டால் அவன் பாதியில் நிறுத்தி, கோச்சுக்காக வாதாட ஆரம்பித்துவிடுவான்.

எழுதி வையுங்கள்

கேட்ட அன்று ராத்திரியே எழுதுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், எந்த கிரவுண்டு, சொன்ன சொல் அப்படியே, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், அதன் பிறகு பிள்ளை என்ன செய்தான். "கோச் மோசமாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். "செவ்வாய் மாலை ஐந்தே முக்கால், கோல் போஸ்ட் பக்கம், எட்டுப் பேர் முன்னிலையில் இன்ன வார்த்தை சொன்னார், பையன் மீதி நேரம் ஆடவில்லை" என்பது தகவல். மூன்று வாரம் எழுதிய பிறகு நோட்டைத் திருப்பிப் பார்த்தால், அது ஒரு நாள் கோபமா, தொடர்கதையா என்பது உங்களுக்கே விளங்கும். சில சமயம் நம் சந்தேகம் தப்பு என்றும் விளங்கும். அதுவும் நல்லதுதான்.

காயம் இருந்தால் அன்றைக்கே போட்டோ எடுங்கள், டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். கிரவுண்டிலேயே போய் எல்லோர் முன்னிலையிலும் சட்டையைப் பிடிக்காதீர்கள். மறுநாளிலிருந்து பேச்சு முழுக்க உங்கள் நடத்தையைப் பற்றியதாகிவிடும். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம். அது பத்து நிமிஷத்தில் கோச் கைக்குப் போய்விடும். பிள்ளையின் பெயர் ஊர் முழுக்கச் சுற்றும்.

யாரிடம் போவது

முதல் தடவை, வார்த்தை அளவில் மட்டும் நடந்தது என்றால் கோச்சிடமே பேசலாம். பயிற்சி இல்லாத நேரத்தில், தனியாக, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தாமல். "சார், நீங்க கண்டிக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. அவன் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடறது வேண்டாம்" என்று எது வேண்டாம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெரும்பாலான கோச்சுகள் அதோடு நிறுத்திவிடுவார்கள். பலர் தங்கள் கோச்சிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். வேறு விதம் அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

அடித்தது, தண்ணீர் தராமல் ஓட விட்டது, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது, தொடக்கூடாத இடத்தில் தொட்டது, ராத்திரியில் தனியாக மெசேஜ் அனுப்பியது போன்றவற்றில் கோச்சிடம் சமாதானம் பேசப் போகாதீர்கள். நேரே மேலே போங்கள்.

பள்ளி அணி என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை உடல்ரீதியாகத் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பி.இ.டி. சாருக்கும் அது பொருந்தும். தனியார் அகாடமிக்கு அந்தப் பிரிவு எட்டாது. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் தாக்கினாலோ கொடுமைப்படுத்தினாலோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கட்டணம் வாங்கிப் பிள்ளையைப் பொறுப்பேற்ற அகாடமியில் இந்தப் பிரிவை நினைவூட்டலாம். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைச் சாதி சொல்லிப் பொதுவில் இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்.

பாலியல் தொல்லை என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம். அது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பதே அந்தச் சட்டப்படி குற்றம். "கிளப் பேர் கெட்டுடும், உள்ளேயே பேசி முடிச்சிடலாம்" என்று சொல்கிற நிர்வாகியும் இதில் மாட்டுவார். 2022 ஜூலையில், நம் நாட்டிலேயே பெண்கள் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடக்க மூன்று மாதம் இருந்தபோது, இந்திய அணியின் உதவிக் கோச் ஐரோப்பியப் பயணத்தில் நடந்த பாலியல் முறைகேட்டுப் புகாரில் நீக்கப்பட்டார். தேசிய அணியில் நடக்கிறது என்றால் தெரு முனை அகாடமியில் நடக்காது என்று எண்ண வேண்டாம். எந்த நேரத்திலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பிள்ளையே அழைக்கலாம். அந்த எண்ணை அவனுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள்.

சேர்க்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உங்க கோச் மேல புகார் இருந்தா, கோச் இல்லாம வேற யார்கிட்ட சொல்லணும்?" இங்கிலாந்தில் சிறுவர் அணி வைத்திருக்கும் கிளப்புகளில் இதற்கென்றே பிள்ளைகள் நல அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், கோச்சின் பின்னணியையும் சரிபார்த்திருக்க வேண்டும். அத்தனை இருந்தும் நியூகாசிலும் வில்லாவும் நடந்தன. அப்படியானால் எதுவுமே இல்லாத இடத்தின் நிலையை யோசியுங்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2019-இல் 'கார்டியன்ஸ்' என்ற பெயரில் பிள்ளைகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தன் உறுப்பு நாட்டுச் சங்கங்களுக்காகத் தொடங்கியது. அதை வைத்து உங்கள் அகாடமி என்ன செய்திருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிலாக ஒரு ஆளின் பெயரும் போன் நம்பரும் கிடைக்க வேண்டும். "இங்க அந்த மாதிரி எல்லாம் நடக்காது சார்" என்பது பதில் ஆகாது.

புகார் வந்தால் நிர்வாகம் செய்ய வேண்டியது

குற்றச்சாட்டு எழுந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். என் பையனை ஏன் பெஞ்சில் வைத்தாய் என்ற கோபத்தில் புகார் எழுதிய பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். டீமில் இடம் கிடைக்காதது கொடுமை ஆகாது. அதைப் பற்றிக் கேட்கலாம், வருத்தப்படலாம், வேறு கிளப் போகலாம். ஆனால் அதைத் துன்புறுத்தல் என்று எழுதினால் நாளைக்கு நிஜமாகவே அடிபட்ட பிள்ளையின் புகாரை யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும். விசாரிப்பவர் அந்தக் கோச்சின் நண்பராகவோ முதலாளியாகவோ இருக்கக் கூடாது. பிள்ளைகளைத் தனித்தனியாக, பெற்றோர் முன்னிலையில், ஒரு தடவை மட்டும் கேட்க வேண்டும். கோச்சை எதிரே உட்கார வைத்து "இப்ப சொல்லு, சார் உன்னை அடிச்சாரா?" என்று கேட்பதைப் போன்ற அநியாயம் வேறில்லை, பல இடங்களில் அதைத்தான் விசாரணை என்கிறார்கள். கோச்சுக்கும் குற்றச்சாட்டு என்ன என்று முழுசாகத் தெரிய வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும். முடிவு வரும் வரை டீம் லிஸ்ட்டை வேறொருவர் எழுத வேண்டும். இதைச் செய்தாலே பாதி பயம் போய்விடும். முடிவை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கோச்சுகளுக்கு

ஓட விடுவதைத் தண்டனை ஆக்காதீர்கள். கால்பந்தின் உயிரே ஓட்டம். அதைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, மேட்ச்சில் ஆசையோடு ஓடு என்றால் எப்படி ஓடுவான்? மே மாத வெயிலில் இருபது ரவுண்டு என்பது ஆபத்தும்கூட. உலகக் கோப்பை ஆடும் வளர்ந்த ஆட்களுக்கே, வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் இடைவேளை தரலாம் என்று ஃபிஃபா வழி வைத்திருக்கிறது. பதினோரு வயதுப் பையனுக்கு நீங்கள் தண்ணீரைத் தண்டனையாக மறுக்கிறீர்கள்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனின் கோபத்தை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். வீரர்கள் முகத்துக்கு நேரே அவர் கத்துவதற்கு 'ஹேர் டிரையர்' என்றே பெயர் வந்தது. அவரைப் பின்பற்றுகிறவர்கள் அந்தக் கத்தலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரையன் கிக்ஸ் என்ற பையனுக்கு 14 வயது நிறைந்த நாளில், 1987 நவம்பரில், ஃபெர்குசன் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார் என்பதை மறந்துவிட்டார்கள். உங்கள் டீமில் எத்தனை பிள்ளைகளின் வீடு உங்களுக்குத் தெரியும்?

நார்வேயைப் பாருங்கள். சிறுவர் விளையாட்டுக்கென்று 1987-இலேயே அங்கே விதிகள் வந்தன. 13 வயதுக்குக் கீழே தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. 11 வயது வரை வெற்றி தோல்விப் பட்டியல் கிடையாது. அவமானப்படுத்தி வளர்க்காவிட்டால் வீரன் உருவாக மாட்டான் என்பது உண்மையானால் அந்த நாடு கால்பந்தில் காணாமல் போயிருக்க வேண்டும். உலகப் புகழ் பெற்ற கோல் வீரர் எர்லிங் ஹாலண்ட் அங்கே பிரைன் என்ற சிற்றூரின் கிளப்பில் வளர்ந்தவர்.

பெற்றோருக்குக் கடைசியாக

ஒரு கிரவுண்டில், தன் பெண்ணை கோச் கன்னத்தில் அறைந்ததாக ஒரு அம்மா எழுத்தில் புகார் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மேட்ச்சுக்கு அவர் வந்தபோது, வழக்கமாக ஒரே சிமெண்ட் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காரும் பெற்றோர் எழுந்து வேறு பக்கம் போனார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தங்கள் பிள்ளையின் இடம் போய்விடுமோ என்ற பயம். அறைந்ததைப் பார்த்தவர்கள் அவர்களில் மூன்று பேர் இருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, தனியாக, முழு ஆட்டத்தையும் பார்த்தார். அடுத்த மாதம் பெண்ணை நிறுத்திவிட்டார். கோச் தொடர்ந்தார். அன்று வேறு பக்கம் எழுந்து போனவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் கிரவுண்டில் அப்படி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி, கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள்.